பாறையில் விடுபட்ட காலம்: வாசகர் கேள்வி, பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழாய்க்கிணறு, கிரவல் கிடங்கு, கடற்கரை பற்றியவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம், பாறைகளுக்கு இடையில் விடுபட்ட காலம் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

எங்கள் காணியில் குழாய்க்கிணறு அடித்தபோது சுண்ணாம்புக்கல் வந்தது. செட்டிகுளத்தில் உறவினர் காணியில் கருங்கல். சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழேயும் கருங்கல்தான், இரண்டுக்கும் இடையில் ஐம்பது கோடி ஆண்டு காணாமற் போய்விட்டது என்கிறார் ஒரு பொறியியலாளர். காலம் எப்படிக் காணாமற் போகும்?
*(வாசகர், முருங்கன்)*

காலம் எங்கும் போகவில்லை. அந்தக் காலத்துக்குரிய பாறைதான் அங்கே இல்லை. செட்டிகுளத்தில் வந்த கருங்கல் பெரும்பாலும் நைஸ், அதாவது ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பட்டைக் கல். இலங்கையின் பழம்பாறைகளைப் பிரித்தவர்கள் இந்தப் பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லின் பட்டைகளும் கனிமங்களும் இன்றைய நிலைக்கு வந்தது ஏறக்குறைய 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்குக் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில். உங்கள் சுண்ணாம்புக்கல்லோ மயோசீன் காலத்து ஆழமற்ற கடலில் படிந்தது. மயோசீன் தொடங்கியதே 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அவ்வளவு ஆழத்தில் உருவான கல்லின்மேல் கடற்சிப்பி வந்து படிய வேண்டுமென்றால், அதன்மேல் இருந்த பாறை முழுவதும் முதலில் தேய்ந்து கழிந்திருக்க வேண்டும். ஆகவே அந்த நீண்ட காலம் வெறுங்காலம் அல்ல. அரிப்பு ஓயாமல் நடந்தது. அரிப்பு நடக்கும் இடத்தில் படிவு தங்காது. இப்படி அரிபட்ட பழைய நிலமுகத்தின்மேல் புதிய படிவு அமரும் எல்லையை இசைவின்மைத் தளம் என்கிறோம்.

பொறியியலாளர் சொன்ன கணக்கு, நைஸின்மேல் சுண்ணாம்புக்கல் நேரே அமர்ந்த இடத்துக்குச் சரி. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. புத்தளத்துக்குக் கிட்டத் தப்போவையில் தாவரச் சுவடுகளோடு, மயோசீனுக்கு மிக முந்திய ஜுராசிக் காலப் படிவுகள் இருக்கின்றன. நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்துக்குள் கிடந்ததால் அவை அரிப்புக்குத் தப்பின. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, மயோசீனுக்குக் கீழே, இரண்டுக்கும் இடைப்பட்ட கிரீத்தேசியக் காலப் படிவுகளும் வந்தன. ஓரிடத்தில் ஒற்றைக் கோடாக இருக்கும் இடைவெளி, கடல் பக்கம் போகப் போக நடுவே பாறை நிரம்பிப் பல சிறு இடைவெளிகளாகப் பிரிந்துவிடுகிறது.

துளையிடும்போது இசைவின்மைத் தளத்தைத் தாண்டுகிறோம் என்று எப்படி அறிவது?
*(குழாய்க்கிணறு வேலை செய்பவர், முழங்காவில்)*

வெளியே வரும் கல்தூளை வீசாதீர்கள். பத்தடிக் குழாய் ஒன்று இறங்குவதற்குள் இரண்டு தடவை, அதாவது ஐந்தடிக்கு ஒரு பிடி எடுத்து, தேநீர் வடியில் கழுவி, வெள்ளைச் சாக்கில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆழத்தையும், அந்த ஐந்தடி இறங்க எடுத்த நிமிடத்தையும் எழுதுங்கள். தூள் ஏமாற்றினாலும், கல்லின் உறுதி மாறும் இடத்தை நிமிடக் கணக்கு காட்டும்.

நைஸின்மேல் சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில், மேலிருந்து கீழாக முதலில் வெளிர்மஞ்சள் சில்லுகள், சிப்பித் துண்டுகளோடு வரும். தளத்தை நெருங்கும்போது மணலோ கூழாங்கல்லோ நிறக்களியோ வரலாம். அதற்குக் கீழே வெண்களி, மைக்காப் பொடி, கூர்முனையுள்ள வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) மணிகள் வந்தால், அது உக்கிப்போன நைஸ். பிறகுதான் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு உறுதியான கல். அந்த உக்கல் பகுதி மிக முக்கியம். சுண்ணாம்புக்கல் வந்து மூடுவதற்கு முன் அந்த நைஸ் வெயிலிலும் மழையிலும் கிடந்ததற்கான சாட்சி பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

பிழை வரும் இடங்கள் மூன்று. மேற்சுவரிலிருந்து உதிர்ந்த சில்லு ஆழத்துத் தூளோடு கலந்து வரும். அதனால் ஒரு வகைக் கல் முதன்முதலாகத் தோன்றும் ஆழத்தையே நம்புங்கள், அது மறையும் ஆழத்தை நம்பாதீர்கள். இரண்டாவது, சுண்ணாம்புக்கல்லில் குகை இருந்தால் காற்று உள்ளே போய்த் தூளே வராது. அந்த இடத்தை வெற்றிடம் என்று குறியுங்கள். மூன்றாவது, அமிலச் சோதனை. 10 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், நைஸ் நுரைக்காது. ஆனால் பழம்பாறைக்குள் சலவைக்கல் பட்டை இருந்தால் அதுவும் நுரைக்கும். உக்கல் மண்ணில் ஊறிக் கட்டிய சுண்ணாம்புக் கட்டிகளும் நுரைக்கும். நுரையைக் கண்டதும் முடிவெடுக்காமல், கைவில்லையால் சிப்பித் துண்டைத் தேடுங்கள். அமிலத்தை நீர்ப்பதென்றால் தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாறி ஊற்றக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

எங்கள் ஊர்க் கிரவல் கிடங்கின் சுவரில் மேலே செம்மண், நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கல் வரிசை, கீழே உக்கிய பாறை, அதற்குள் நிமிர்ந்த வெள்ளைக்கல் நரம்பு. மாணவர்களுக்கு இதை இடைவெளி என்று காட்டலாமா?
*(ஆசிரியை, ஒட்டுசுட்டான்)*

காட்டலாம். ஆனால் எந்தக் கோடு இடைவெளி என்பதை முதலில் தீர்க்க வேண்டும். வன்னியில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

வெள்ளைக்கல் நரம்பைக் கீழிருந்து மேலாக விரலால் தொடர்ந்து போங்கள். உறுதியான பாறையிலிருந்து உக்கல் பாறைக்குள் நரம்பு முறியாமல் போனால், அந்த இரண்டுக்கும் இடையிலான நிறமாற்றம் இடைவெளியே அல்ல. ஒரே பாறைதான், மேற்பகுதி உக்கியிருக்கிறது. எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தாலும் அதைக் காலக்கோடு என்று எழுதக்கூடாது. நரம்பு கல் வரிசையில் வந்து சட்டென்று நின்று, செம்மண்ணுக்குள் அதன் தொடர்ச்சி இல்லை என்றால், சந்தேகிக்க வேண்டிய கோடு அதுவே.

அடுத்து, கல் வரிசையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் இருபது முப்பது கற்களை மாணவர்கள் பொறுக்கி, கூர்விளிம்பு உள்ளவை, உருண்டவை என இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். எல்லாம் கூர்விளிம்பு உள்ள வெள்ளைக்கல், அதுவும் நரம்புக்கு அருகில் நெருக்கமாகவும் விலகும்போது அரிதாகவும் இருந்தால், அவை அங்கேயே உடைந்து சரிந்தவை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கறையான் நுண்மண்ணை மட்டுமே மேலே கொண்டுவந்து புற்றுக் கட்டுகிறது. பெருங்கல்லை அதனால் தூக்க முடியாது. புற்றுகள் கரைந்து பரவப் பரவ மேலே மெல்லிய மண் ஏறும், கற்கள் கீழே ஒரு வரிசையாகத் தங்கும். நீர் கொண்டுவந்து படியவைக்காமலே இப்படியொரு கல் வரிசை உண்டாகலாம். பெரிய புற்று எழும்பும் நம் காடுகளில் இதை மறக்கக்கூடாது.

மாறாக, கற்கள் உருண்டவையாக இருந்து, கீழ்ப்பாறையில் இல்லாத வகைகளும் கலந்திருந்தால், நீர் அவற்றை வேறிடத்திலிருந்து உருட்டி வந்திருக்கிறது. அப்போது அது உண்மையான அரிப்புத் தளம். இரணைமடுவின் பெயரையே கொண்ட இரணைமடுப் படிவு இந்த வகை. அடியில் கிரவல், மேலே மணற்செம்மண். அந்தக் கிரவலில் ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. மாணவர் கையில் செதுக்கிய கல் அகப்பட்டால் எடுத்துச் செல்லாமல், இடத்தைக் குறித்துப் படமெடுத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

எங்களைக் கேட்டால், ஒரேயொரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: மேற்படிவுக்குள் கீழ்ப்பாறையின் துண்டு இருக்கிறதா? இருந்தால் கீழ்ப்பாறை முந்தியது, அது ஒருகாலத்தில் வெளியே தெரிந்து உடைந்தது என்ற இரண்டும் ஒருங்கே நிரூபணமாகும். எல்லையில் கல் நொருங்கி மாவாகி, வழவழப்பான கீறல் முகங்கள் தெரிந்தால், அது இடைவெளியாக இல்லாமல் பாறை நகர்ந்த பிளவாக இருக்கலாம். அந்தக் கேள்வியையும் கேட்க மாணவர்களைப் பழக்குங்கள்.

பதிவு செய்யும்போது சுவரில் ஒரு மீற்றர் அளவுநாடாவைத் தொங்கவிட்டு, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள். உச்சி வெயிலில் கல் வரிசை தட்டையாகிவிடும். படத்தை நம்பி வரைபடத்தைக் கைவிட வேண்டாம். கையால் வரையும்போதுதான் நரம்பு எங்கே நிற்கிறது என்று கண் பார்க்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிதிவெடி அகற்றி முடித்த, ஆட்கள் நாளும் புழங்கும் கிடங்குக்கு மட்டும் போங்கள். எச்சரிக்கைப் பலகையோ குறியோ தெரியும் பக்கம் கால் வைக்கக்கூடாது, புதுக்குழி தோண்டவும் கூடாது. அடி குடையப்பட்ட சுவருக்குச் சுவரின் உயரமளவு தள்ளி நில்லுங்கள். மாரியிலும் மழைக்கு அடுத்த சில நாட்களிலும் கிடங்குக்கே போக வேண்டாம்.

குதிரைமலையில் செம்மண் மேட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் குண்டும் குழியுமாகத் தெரிகிறது. முல்லைத்தீவுப் பக்கம் வாடைக் காலத்தில் மணல் அரிபட்டு, கற்பலகை வெளியே வருகிறது. இரண்டும் ஒரே கல்லா?
*(வாசகர், சிலாவத்துறை)*

இல்லை. குதிரைமலையில் இருப்பது மயோசீன் சுண்ணாம்புக்கல். அதன்மேல் உள்ள செம்மண் மிகப் பின்னால் வந்தது, எனவே எல்லைக்கோட்டில் கோடி ஆண்டுக் கணக்கு விடுபட்டிருக்கிறது. ஆனால் குண்டுகுழியை மட்டும் வைத்துப் பழைய நிலமுகம் என்று சொல்லிவிட முடியாது. செம்மண் மூடிய பிறகும் மழைநீர் ஊறி, செம்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குழி பறிக்கும். குழிக்குள் செம்மண்ணின் அடுக்குகள் கீழ்நோக்கி வளைந்து தொய்ந்திருந்தால், குழி பின்னால் ஆழமானது. அடுக்குகள் வளையாமல் குழியின் ஓரத்தில் முட்டி நின்றால், குழி முந்தியது. அந்த இடம் வில்பத்து வனப்பூங்காவுக்குள் இருப்பதால் அனுமதியோடு பார்க்கலாம், சுத்தியல் வைக்க முடியாது.

முல்லைத்தீவுப் பலகையின் அடியைப் பாருங்கள். இன்றைய கடற்கரையில் உள்ள அதே சிப்பிகள், சில நிறம்கூட மங்காமல், மணலோடு ஒட்டிக் கடல் பக்கம் மெல்லச் சரிந்து, கீழே இறுகாத மணலும் இருந்தால் அது கடற்கரைக் கல். புவியியல் கணக்கில் மிக இளையது. இலங்கையில் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாது. ஆகவே வற்று நேரத்துக்காகக் காத்திருப்பதைவிட, கிழக்குக் கரைக்கு வாடை ஓய்ந்த உடனும், மன்னார்க் கரைக்குச் சோழகம் தணிந்த உடனும் போவது பயன் தரும்.

திருப்பதி மலையில் பெயர்பெற்ற இடைவெளி ஒன்று உண்டாமே? நுவரெலியா வீதியோர மலைவெட்டுகளிலும் பார்க்கலாமா?
*(வாசகர், வவுனியா)*

திருப்பதியில் கட்டாயம் பாருங்கள். திருமலைக்கு ஏறும் மலைவீதியில் உள்ள அந்த எல்லை, இந்தியாவின் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. கீழே அடுக்கே இல்லாத கிரனைட், மேலே அடுக்கடுக்கான குவார்ட்ஸைட், அதாவது மணற்கல் இறுகி உருவான கடுங்கல். இடையில் விடுபட்டது ஐம்பது கோடி ஆண்டுக்குக் குறையாது. வண்டியை நிறுத்த முடியாவிட்டாலும், நகரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் காடு படர்ந்த சரிவுக்கு மேலே செங்குத்தான செந்நிறச் சுவர் தெரியும். அந்தச் சுவர்தான் குவார்ட்ஸைட். கோயிலுக்குக் கிட்ட உள்ள சிலாதோரணமும் அதே கல், அங்கே அடுக்குகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

நுவரெலியாவில் அப்படி இல்லை. மலைநாட்டுப் பாறை முழுவதும் ஆழத்தில் உருமாறியது, அதன்மேல் பழைய கடற்படிவு எதுவும் மிஞ்சவில்லை. வெட்டுகளில் வளைந்து மடியும் பட்டைகளைக் கண்டு, இரண்டு காலப் படிவுகள் கோணமாகச் சந்திக்கின்றன என்று எழுதிவிட வேண்டாம். அவை அழுத்தத்தில் பிரிந்த கனிமப் பட்டைகள்.

சரிவை அளக்கக் கைபேசி போதுமா?
*(மாணவர், கிளிநொச்சி)*

கோணத்துக்குப் போதும். திசைக்குக் கவனம் வேண்டும். வாகனம், வான்கதவு, கம்பி போட்ட கொங்கிறீட் ஆகியவற்றின் அருகே காந்தமுள் திரும்பிவிடும். பத்தடி தள்ளி நின்று மறுபடி அளந்து, இரண்டும் ஒத்தால் மட்டும் எழுதுங்கள். கைபேசி இல்லையென்றால் பாகைமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கோணம் கிடைக்கும். அடுக்கின் மேல்முகத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், அது ஓடும் பக்கமே சரியும் திசை. ஒரு சுவரில் மட்டும் அளந்தால் கோணம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டக்கூடும். மூலையில் நின்று இரண்டு சுவரையும் அளந்து, பெரியதைக் குறித்துக்கொண்டு, உண்மைச் சரிவு அதற்குக் குறையாது என்று எழுதுங்கள்.