அடக்கம் எவ்வளவு? – செலவுக் கணக்கு பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். லாரி, கோழிப்பண்ணை, லாட்ஜ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்களின் செலவைப் பார்த்து ஒரே பக்கத்தில் சுருக்கித் தரச் சொல்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற படிவம் ஏதாவது இருக்கிறதா? – வாசகி, ஈரோடு

பதில்: படிவம் நிறைய இருக்கிறது, அதுதான் தொல்லையே. மூலப்பொருள், கூலி, கரண்ட், வாடகை, வட்டி, தேய்மானம், இதரச் செலவு என்று ஏழு வரி எழுதி எதிரே தொகையை நிரப்பினால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அந்தத் தொழிலைச் செய்கிறவரிடம் நீட்டினால் 'சரிங்க' என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். மகனை முதலில் வேறொன்று கேட்கச் சொல்லுங்கள்: 'நீங்க எதை வச்சுக் கணக்குப் பார்ப்பீங்க?' லாட்ஜ்காரர் ஒரு ரூமுக்கு ஒரு நாள் என்பார், போர்வெல் வண்டிக்காரர் அடிக்கு என்பார், கோழிப்பண்ணைக்காரர் முட்டைக்கு என்பார். இது பிடிபட்டால்தான் மேலே போக முடியும்.

லாரியில் ஒன்றுக்கு இரண்டு அளவுகோல். ஓடினால் கிலோமீட்டர், நின்றால் நாள். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,000 கிலோமீட்டருக்கு 23,000 ரூபாய் டீசல். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால், மைலேஜ் 5 கொடுத்தால்கூட இன்னொரு 18,400. இரண்டும் அந்த ஒரே வாடகையின் தலையில்தான் விழும். சரி, லோடு கிடைக்கும்வரை காத்திருக்கலாமே என்றால், மாதத் தவணை 60,000 கட்டுகிற வண்டி சும்மா நின்றாலே நாளுக்கு 2,000 போகிறது, டிரைவர் பேட்டா தனி. 'எத்தனை நாள் நின்றீர்கள்' என்று கேட்காமல் எழுதிய லாரிக் கணக்கை நான் வாங்கிப் படிப்பதே இல்லை.

முட்டை அப்படியில்லை, அங்கே தீவனம்தான் கதாநாயகன். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் 3 ரூபாய் 30 காசு. ஆனால் எல்லாக் கோழியும் தினமும் முட்டை வைப்பதில்லை, 100 கோழிக்கு 85 முட்டை வந்தால் ஒரு முட்டையில் தீவனச் செலவு 3.88 ஆகிவிடும். அதே பண்ணையில் வெயிலோ நோயோ வந்து 75 ஆக இறங்கினால் 4.40. தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 13 காசுதான் கூடும், முட்டையிடுவது 10 குறைந்தால் 52 காசு கூடும். பெரும்பாலான ரிப்போர்ட்டில் மக்காச்சோள விலையைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும், இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. குஞ்சாக வாங்கி முதல் முட்டை வரும்வரை ஏறக்குறைய 20 வாரம் தின்றதும் செலவுதான், கடைசியில் கழிவுக் கோழியாக விற்ற காசைக் கழித்துவிட்டு மீதியை அது இட்ட முட்டைகளின் மேல் பிரிக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் நாலைந்து வரிதான் கிடைக்கும். அதில் அளவுகோல் எது, அதற்கு அடக்கம் எவ்வளவு, எது அசைந்தால் அடக்கம் அதிகமாக அசையும் என்பது வந்துவிட்டால் போதும். இதரச் செலவைப் பின்னிணைப்பில் தள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: டி-ஷர்ட் 10,000 பீஸ் ஆர்டர். துணி, கூலி, பேக்கிங் எல்லாம் சரியாகப் போட்டுத்தான் ரேட் கொடுத்தேன். முடித்துப் பார்த்தால் கையைக் கடிக்கிறது. எங்கே போனது? – வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய தாளில் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் என்று இருக்கிறது. உடல் நீளம், கை நீளம், தையல் மடிப்பு எல்லாம் சேர்த்து 104 சென்டிமீட்டர், மார்பளவு மடிப்போடு 58, இரண்டு பக்கம். ஆக ஒரு பீஸுக்கு 217 கிராம், கணக்கில் தப்பே இல்லை. ஆனால் வந்த துணி 180தானா? வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் உங்கள் மேஜையிலேயே இருக்கும், 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்ட வேண்டும். 1.9 காட்டினால் துணி 190, ஒரு பீஸ் 229 கிராம். வித்தியாசம் 12 கிராம்தானே என்று தோன்றும். கிலோ 420 ரூபாய்த் துணியில் அது பீஸுக்கு 5 ரூபாய், 10,000 பீஸுக்கு 50,000. நீங்கள் எழுதியிருக்கும் நஷ்டமும் கிட்டத்தட்ட அதுதான், அதனால்தான் முதலில் அங்கே கை வைத்தேன்.

அங்கேயும் சரியாக இருந்தால் துணிக்குச் சாயம் ஏற்றிய டையிங் பில்லைப் பாருங்கள். அனுப்பிய கிலோவும் திரும்பி வந்த கிலோவும் ஒன்றாக இருக்காது, பில் எந்தக் கிலோவுக்குப் போட்டிருக்கிறார்கள்? வெளியூர் பையர் 'உங்க ஊர்ல மட்டும் சாயம் ஏன் இவ்வளவு காஸ்ட்லி' என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயக் கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை நடத்தலாம் என்றாகிவிட்டது. அந்தச் செலவும் டையிங் ரேட்டுக்குள் இருக்கிறது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நகைக்கடையில் சேதாரம் என்று ஒன்றைத் தனியாகப் போடுகிறார்களே, நியாயமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: எத்தனை சதவீதம் என்பதில் நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் தன் சேதாரத்தை பில்லிலேயே அச்சடித்து வாடிக்கையாளரிடம் வாங்குகிற தொழில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மற்றவர்கள் சேதாரம் எவ்வளவு என்றே தெரியாமல் தாங்களே சுமக்கிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே சின்ன மெஸ் நடத்துகிறோம். இட்லி அடக்கம் 3 ரூபாய், 8 ரூபாய்க்கு விற்கிறோம், 5 ரூபாய் லாபம் என்கிறார் என் கணவர். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்குவதில்லையே? – வாசகி, மதுரை

பதில்: கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு 50 இட்லி எடுக்கிறீர்கள், அரிசி 45, உளுந்து 35, ஆக ஒரு இட்லி 1.60. சட்னி, சாம்பார், காஸ் சேர்த்து 3 ரூபாய் என்று உங்கள் கணவர் போட்டது மோசமில்லை. (காஸ் கணக்கு வீட்டுச் சிலிண்டர் விலையில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.) விட்டுப்போனது வேறு. விடிகாலை 4 மணிக்கு எழுந்து சட்னிக்குத் தேங்காய் துருவுவது யார்? ராத்திரி கிரைண்டர் கழுவுவது யார்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். உழவன் கணக்கையே மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் மூன்று விதமாகப் பார்க்கிறது. விதை, உரம், ஆள்கூலி என்று கையைவிட்டுப் போன செலவு ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு கூலி மதிப்புப் போட்டால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி வரை சேர்த்தால் சி2. 2025-26இல் நெல்லுக்கு ஏ2+எஃப்எல் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,369 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தார்கள். சி2 மேல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்றுதான் விவசாயிகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கணவர் போட்டது ஏ2 கணக்கு. நீங்கள் வேலை செய்யும் நேரத்துக்கு ஒரு மாஸ்டரும் ஒரு உதவி ஆளும் வைத்தால் நாளைக்கு 1,500 ரூபாய் கேட்பார்கள் என்று வையுங்கள். தினம் 300 இட்லி விற்றால் ஒரு இட்லிக்கு 5 ரூபாய். அவர் லாபம் என்று சொன்ன 5 ரூபாய் அதுதான், அது உங்கள் கூலி அம்மா. முன்னறைக்கு வாடகை இன்னும் போடவில்லை. விலையை ஏற்றுவதா, மதியச் சாப்பாடு போடுவதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் நோட்டில் உங்களுக்கு ஒரு சம்பள வரி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறை கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறான். எப்படிக் கட்டுப்படியாகும்? – வாசகர், கோவை

பதில்: நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பவுண்டரியில் அடக்கம் போடச் சொன்னார்கள். மாதக் கரண்ட் பில்லை அனுப்பிய வார்ப்புகளின் எடையால் வகுத்து, எல்லா அயிட்டத்துக்கும் கிலோவுக்கு ஒரே தொகை போட்டு, பெருமையாக ஃபோர்மேனிடம் நீட்டினேன். படிக்கவில்லை. என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார், உடைத்துப் போட்ட ரன்னரும் ரைசருமாக, அதாவது உலோகம் ஓடிவரும் வழியிலும் சுருக்கத்துக்கு ஈடு கொடுக்கும் குழியிலும் உறைந்த உபரியாக, இடுப்பு உயரம் இருந்தது. 'தம்பி, இதை உருக்கின கரண்ட் யார் கணக்குல?' என்றார். அப்புறம் சாக்குக்கட்டியால் இரும்புத் தகட்டில் இரண்டு எண் எழுதினார். ஒரு அயிட்டத்துக்கு 60, இன்னொன்றுக்கு 75. 100 கிலோ உருக்கினால் கையில் நிற்கும் வார்ப்பு எத்தனை கிலோ என்பது.

டன்னுக்கு 600 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் உருக்கிய கிலோவுக்கு 4.80. 60 நின்றால் வார்ப்புக் கிலோவுக்கு 8 ரூபாய், 75 நின்றால் 6.40. உலோகம் மறுபடி உலைக்குப் போகும், கரண்ட் திரும்பி வராது. பக்கத்துப் பட்டறைக்காரர் ரைசரைச் சின்னதாக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம், ரிஜெக்‌ஷன் குறைவாக இருக்கலாம். அல்லது அவர் ஊற்றுவது 40 கிலோ எடைக்கல்லாகவும் நீங்கள் ஊற்றுவது உள்ளே கோர் (துவாரம் விழுவதற்கான மணல் கட்டி) வைத்த 300 கிராம் சாமானாகவும் இருந்தால், இரண்டுக்கும் கிலோ விலையை ஒப்பிடுவதே தப்பு. ஒரு மோல்டுக்கு (உலோகம் ஊற்றும் அச்சுக்கு) என்ன செலவு, ஒரு மோல்டில் எத்தனை வார்ப்பு நிற்கிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் நிச்சயம், தெரியாமல் நீங்களும் 5 ரூபாய் குறைத்தால் முதலுக்கே மோசம்.

கேள்வி: என் கவிதைத் தொகுப்பை 300 பிரதி போட்டால் ஒன்று 95 ரூபாய், 1,000 போட்டால் 58தான் என்கிறார் அச்சகத்தார். 1,000 போட்டுவிடட்டுமா? – வாசகர், சிவகாசி

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. டெமி அளவில் 160 பக்கம், அதாவது 16 பக்கத்துக்கு ஒரு பாரமாக 10 பாரம். பிளேட், லேஅவுட், அட்டை வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய், எத்தனை பிரதி போட்டாலும் அது மாறாது. காகிதம், அச்சு, பைண்டிங் பிரதிக்கு 42. ஆக 300க்கு மொத்தம் 28,600, 1,000க்கு 58,000. நீங்கள் வகுக்க வேண்டியது அச்சடித்த எண்ணிக்கையால் அல்ல, விற்கும் எண்ணிக்கையால். நண்பர்கள், உறவினர்கள், புத்தகக் கண்காட்சி எல்லாம் சேர்த்து 200 போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது 300 போட்டால் விற்ற பிரதிக்கு 143, 1,000 போட்டால் 290. மீதி 800 பிரதி கட்டிலுக்கு அடியில் இருக்கும். கவிதைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, படிக்க அனுப்பவில்லையே நீங்கள்.

கேள்வி: நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை ஏஐ செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் சுருக்கித் தருகிறது. இனி செலவுக் கணக்காளர் எதற்கு? – வாசகர், சென்னை

பதில்: நானும் போட்டுப் பார்க்கிறேன், நன்றாகத்தான் சுருக்குகிறது. போன மாதம் ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடச் சொன்னேன். ஒன்றுக்கு ஊழியர் செலவு மற்றதில் பாதிதான், ஆகவே திறமையான நிர்வாகம் என்று எழுதிக் கொடுத்தது. அறிக்கையைப் புரட்டினால், அந்த நிறுவனத்தில் ஆலையில் நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் கூலி ஊழியர் செலவில் வராது, 'இதரச் செலவுகள்' என்ற தலைப்பின் கீழ், பின்னால் இருக்கும் குறிப்பில், செக்யூரிட்டிச் செலவுக்கும் பயணச் செலவுக்கும் நடுவே ஒரு வரியாக இருந்தது. அதையும் சேர்த்துப் போட்டால் இரண்டு நிறுவனமும் ஏறக்குறைய ஒன்றுதான். செயலியிடம் சொன்னேன், உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் யாரும் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டதில்லை.