சுரைக்குத் தகப்பன் யார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

திருநகரிலிருந்து எழுதுகிறேன். மொட்டை மாடியில் பதினைந்து பை வைத்து மூன்று வருஷமாகத் தோட்டம் போடுகிறேன். போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மாச்சி ஊரிலிருந்து குடுவைச் சுரை விதை கொண்டுவந்தேன். ஒரே கொடிதான் பிழைத்தது. கழுத்து நீண்டு அடி பருத்து, அம்மாச்சி வீட்டுக் காய் மாதிரியே காய்த்தது, ருசியும் அதே ருசி. ஒரு காயைக் கொடியிலேயே முற்றவிட்டு விதை எடுத்து, சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்திருந்தேன். அதைத்தான் இந்த ஆடிப்பெருக்குக்கு ஊன்றினேன். புரட்டாசிக் கடைசியில் காய் வந்தது. கழுத்தே இல்லை, சின்னப் பந்து மாதிரி இருந்தது. சரி, காய்தானே என்று பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் ஒரே கசப்பு. வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

பக்கத்துப் பையில் பாகற்கொடி இருந்ததால் கசப்பு ஏறிவிட்டது என்கிறார் எங்கள் அத்தை. மண் சரியில்லை என்கிறார் இன்னொரு மாடித்தோட்டக்காரர். நான் விதை எடுத்ததில் தப்பா? கொடி தழைத்துப் பூத்துக் கிடக்கிறது, பிடுங்க மனசு வரவில்லை. வைத்திருக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், கூட்டைக் கொட்டினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. காசு போட்டு வாங்கின பருப்பு வீணாகுதே என்று புளியை விட்டு வெல்லத்தைப் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. சுரைக்காயில் கசப்பு என்பது பாகற்காய்க் கசப்பு மாதிரி இல்லை. குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் அது, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்துபோனவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இனிமேல் எந்தச் சுரையானாலும், கடையில் வாங்கினதானாலும், நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம்.

அடுத்து உங்கள் அத்தை. பாகற்கொடி மேல் பாவம் பழியைப் போடுகிறார். பாகலும் சுரையும் பார்க்க ஒரே குடும்பம்தான், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அதன் வேர் இதன் வேரோடு பின்னிக் கிடந்தாலும் கசப்பு ஏறாது. மண் என்று சொன்னவர் பாதி சரி. தண்ணீர் சரியாகக் கிடைக்காமல் வெயிலில் வாடினால் சுரை இனத்தில் கொஞ்சம் கசப்பு ஏறுவது உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்தால் காய் சிறுக்கும், கோணும், குடுவை பந்தாகாது. உங்களுக்கு ருசியும் மாறி உருவமும் மாறியிருக்கிறது. அதனால் விஷயம் நடந்தது இந்த வருஷம் இல்லை, போன வருஷம், பூவில்.

ஊரில் சொல்வோமே, பசு நம்ம வீட்டுப் பசு, காளை யார் வீட்டுக் காளை என்று. போன வருஷம் நீங்கள் தின்ற காயின் சதை முழுக்கத் தாய்க்கொடியுடையது. அதனால் அது அம்மாச்சி வீட்டு ருசியாகவே இருந்தது. உள்ளே இருந்த விதை மட்டும்தான் தாயும் தகப்பனும் சேர்ந்தது. அந்தத் தகப்பன் யார் என்று காயைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் தெருவிலோ, காலி மனை வேலியிலோ, கொஞ்சம் தள்ளிக் கண்மாய்க் கரையிலோ கசப்புக் காய் காய்க்கும் ஒரு பேய்ச்சுரை படர்ந்திருக்கும். உங்களிடம் ஒரே கொடிதான் இருந்தது என்பது பாதுகாப்பே இல்லை, மகரந்தத்தைச் சுமந்து வரும் அந்துப்பூச்சிக்கு மதில் ஏது?

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கொடிப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள், அந்த நேரத்துக்குத்தான் சுரைப்பூ விரியும். கசங்கின வெள்ளைக் கைக்குட்டை மாதிரி ஐந்து இதழ். ஆண்பூ நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்கும், பெண்பூவுக்கு அடியில் கட்டைவிரல் அளவு பிஞ்சு பஞ்சு மயிரோடு இருக்கும். இருட்டினதும் அந்துப்பூச்சி வரும். காலையில் நாம் தண்ணீர் ஊற்றப் போகும்போது பூ வாடித் தொங்கிவிட்டிருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது.

விதைக்கென்று ஒரு காய் வேண்டுமானால் அந்த ஒரு காய்க்கு மட்டும் நாம் பூச்சி வேலை பார்க்க வேண்டும். அன்றைக்கு விரியப்போகிற மொட்டு மதியத்திலேயே தெரியும், நுனி வெளுத்து உப்பியிருக்கும். நாலு மணிக்கு ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று, நுனியில் நூலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஏழு மணிக்கு ஆண்பூவைக் கிள்ளி இதழை உரித்துப்போட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் நன்றாகத் தடவி, திரும்பவும் பெண்பூவைக் கட்டி, காம்பில் ஒரு சிவப்பு நூல். அந்த நூல் முக்கியம், இல்லாவிட்டால் அத்தை அதையே கூட்டுக்குப் பறித்துவிடுவார். ஒரே காயின் விதைகளில் வந்த இரண்டு மூன்று கொடி இருந்தால் ஒன்றின் ஆண்பூவை இன்னொன்றுக்குத் தடவுவது நல்லது. அப்புறம் நீங்கள் செய்ததுதான்: ஓடு கட்டியாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று விதை சத்தம் கேட்கும்வரை கொடியிலேயே விடுவது. விதை எடுத்ததில் உங்கள் மேல் தப்பே இல்லை.

இவ்வளவு பாடு எல்லாச் செடிக்கும் கிடையாது. தக்காளி, தட்டைப்பயறு, அவரை எல்லாம் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். கத்தரி, வெண்டை, மிளகாய் நடுவாந்தரம், தேனீ வந்தால் கலக்கும். மல்லிகைக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம்ம மதுரை மல்லிக்கே தங்கச்சிமடத்துப் பக்கமிருந்து வேர்விட்ட குச்சிதான் வருகிறது, தகப்பன் பிரச்சினை எங்கே வரும்? முருங்கையில் போத்து வெட்டி நட்டாலும் அதே கதைதான். கடையில் எஃப் 1 (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று போட்ட பாக்கெட் வாங்கினால் மட்டும் விதை எடுத்து வைக்காதீர்கள், அடுத்த தலைமுறை ஆளுக்கொரு திசையில் போகும்.

என் கதை ஒன்று. மேலூர்ப் பக்கத்து வரிக்கத்தரி என்னிடம் ஆறு வருஷம் இருந்தது. நன்றாகக் காயாத விதையைப் பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி வைத்தேன், ஒரு கார்த்திகை மழைக்கு அப்புறம் திறந்தால் பூசணம், மொத்தமும் போச்சு. வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, கத்தரிக்காக. ஒத்தக்கடையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு முன்பு எப்போதோ ஒரு சிட்டிகை கொடுத்திருந்தேன், கொடுத்ததே மறந்துவிட்டது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், சட்டைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளை மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து இலையோரம் வைத்தார். “உங்க கத்தரிதாண்ணே, எங்க வீட்ல ரெண்டு பட்டம் எடுத்தாச்சு.” ரசம் பட்டுவிடப் போகிறதே என்று அவசரமாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அதனால் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போகும்போது அம்மாச்சி வீட்டுப் பரணில் காய்ந்த குடுக்கை ஏதும் கிடக்கிறதா பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும். டப்பாவில் மிச்சமிருக்கும் விதை வேண்டாம், எல்லாம் அந்தக் காய் விதைதானே. மாசியில் ஊன்றினால் சித்திரை வெயிலில் மாடிப் பை அடுப்பாகிவிடும், ஆடி வரைக்கும் பொறுங்கள். எனக்கும் பத்து விதை எடுத்து வையுங்கள்.

இப்போது மாடியில் பூத்துக் கிடக்கிறதே, அதை இன்றைக்கு ஆறு மணிக்குள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். உங்கள் தெருவிலும் யாராவது சுரை வைத்திருப்பார்கள்.