டாக்டரிடம் கேளுங்கள்: குடல்வாலில் தொடங்கிய சீழ் கல்லீரலுக்குப் போவது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு வயது 26. அடிவயிறு வலிக்கிறது என்றபோது வாயுத்தொல்லை என்று நினைத்து, கஷாயமும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளும் கொடுத்தோம். வலி குறைந்துவிட்டது. சில நாள்களில் உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. டெங்கு, டைபாய்டு, மலேரியா எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்ததில் குடல்வால் வெடித்திருப்பதாகவும், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பதாகவும், கல்லீரலில் இரண்டு சீழ்க்கட்டிகள் இருப்பதாகவும் சொல்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லாதவனுக்குக் கல்லீரல் எப்படிப் பாதிக்கப்பட்டது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகனுக்கு வந்திருப்பதற்கும் குடிப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகிய உறுப்புகளிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகவே வருகிறது. குடல்வாலில் சீழ் பிடிக்கும்போது அதை ஒட்டிய சிறு சிரைகளின் சுவரும் அழற்சியடைந்து, உள்ளே ரத்தம் உறைகிறது. அந்த உறைகட்டியில் குடல் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. உறைதல் மேல்நோக்கி வளர்ந்து போர்ட்டல் சிரையை எட்டியதும், கிருமி நிறைந்த துணுக்குகள் உடைந்து கல்லீரலுக்குள் சிதறுகின்றன. அவை தங்கிய இடங்களில் சீழ்க்கட்டிகள் உருவாகின்றன. இந்நோய்க்கு மருத்துவத்தில் பைலிஃப்ளெபைடிஸ் என்று பெயர்.

இது புதிய நோயன்று. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஆக்ஸ்னர், டிபேக்கி, மர்ரே ஆகியோர் 1938இல் கல்லீரல் சீழ்க்கட்டிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், குடல்வால் அழற்சியே முதன்மைக் காரணமாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் காலத்தே செய்யப்படும் அறுவை சிகிச்சையும் வந்தபின் அது அரிதாகிவிட்டது. இன்று பித்தப்பைக் கற்களும் பித்தக்குழாய் அடைப்புமே பெரும்பாலும் காரணங்கள். ஆயினும், வெடித்த குடல்வால் ஒரு பாதி மருந்தால் அடங்கியதுபோல் தோன்றும்போதும், வயதானவர்களுக்குப் பெருங்குடலில் உண்டாகும் சிறு பைகள் அழற்சியடையும்போதும் இந்தப் பழைய நோய் இப்போதும் தலைகாட்டுகிறது. வயிற்றுவலி குறைந்த பிறகு குளிர்நடுக்கக் காய்ச்சல் வந்தால், வலி இருந்த நாள்களையும் டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாததால் காய்ச்சலை மட்டுமே துரத்திக்கொண்டிருந்த நோயாளிகள் பலர்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள். சீழ்க்கட்டி இருக்கும்போது அதனால் ரத்தக்கசிவு ஏற்படாதா? குடல்வாலை உடனே அகற்றாமல் தள்ளிப் போடுவதும் எங்களுக்கு விளங்கவில்லை.
– அதே வாசகி

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். இந்நோயைக் குணப்படுத்தும் முதன்மை மருந்து ஆன்டிபயாட்டிக்தான். ஈகோலை, பாக்டீராய்ட்ஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனப் பல கிருமிகள் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) மாதிரி எடுத்த கையோடு இவை அனைத்தையும் தாக்கும் மருந்துகளைச் சிரை வழியாகத் தொடங்குவார்கள். உறைவுத்தடுப்பு ஊசியை எல்லோருக்கும் போட வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உறைகட்டி வளர்ந்துகொண்டிருந்தாலோ, குடலிலிருந்து வரும் சிரைக்குள் நீண்டிருந்தாலோ, குடலின் ஒரு பகுதியே ரத்தவோட்டமின்றி அழுகிவிடும் ஆபத்து இருப்பதால், அப்போது ஊசி போடுவதே சரி என்பது என் கருத்து. ஆரம்பத்தில் மாத்திரையாகக் கொடுக்காமல் ஹெபாரின் ஊசியாகக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது: சீழை எடுக்கக் குழாய் செருக வேண்டிய நேரத்தில் அதை எளிதில் நிறுத்திவைக்கலாம்.

பொதுவாக 5 செ.மீ.க்கு மேற்பட்ட சீழ்க்கட்டிக்கு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே, நுனி சுருண்ட மெல்லிய குழாய் ஒன்றைத் தோல் வழியாகச் செலுத்தி வெளியில் ஒரு பையுடன் இணைப்பார்கள். பையில் தினமும் எவ்வளவு சேர்கிறது என்று செவிலியர் அளந்து எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அளவு சில மில்லிக்குக் குறைந்து, காய்ச்சலும் நின்று, ஸ்கேனிலும் குழி சுருங்கியிருந்தால்தான் குழாயை எடுப்பார்கள். சிறு கட்டிகள் மருந்திலேயே கரைந்துவிடக்கூடும். குடல்வாலைப் பொறுத்தவரை, வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தால் அறுவை சிகிச்சை உடனே தேவை. ஓரிடத்தில் கட்டுண்டு, சுற்றியுள்ள குடலெல்லாம் ஒட்டியிருந்தால், அந்நேரத்தில் கத்தி வைப்பது நல்ல குடலையும் கிழித்துவிடலாம் என்பதால், சீழை வடித்து, அழற்சி தணிந்த சில வாரங்களுக்குப் பின் முடிவெடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கள் குடிப்பவர்கள் சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்து, மெட்ரோனிடசோல் மாத்திரையிலேயே குணமாகியிருக்கிறது. எல்லாச் சீழ்க்கட்டிக்கும் அது போதாதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: போதாது. நீங்கள் குறிப்பிடுவது அமீபாவால் வருவது. அதுவும் குடலிலிருந்து இதே போர்ட்டல் சிரை வழியாகத்தான் கல்லீரலை அடைகிறது. பெரும்பாலும் வலப்பக்கத்தில் ஒற்றைக் கட்டியாக, நடுத்தர வயது ஆண்களிடம் காணப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் துர்நாற்றமற்ற, செம்பழுப்பு நிறக் குழம்பாக இருக்கும். பாக்டீரியாவால் வரும் கட்டிக்கு மெட்ரோனிடசோல் பாதிக் கிருமிகளைத்தான் தொடும். ஈகோலை போன்றவற்றுக்கு வேறு மருந்து வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. அது கல்லீரலோடு நிற்காமல் ரத்தத்தில் பரவிக் கண்ணையும் தாக்கக்கூடியது என்பதைத் தைவான் மருத்துவர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர். கல்லீரல் சீழ்க்கட்டி உள்ள நீரிழிவு நோயாளி பார்வை மங்குகிறது என்றால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் போர்ட்டல் சிரை உறைவுக்கும் சிகிச்சை பெற்று, காய்ச்சல் நின்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுடன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் தந்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சீழ்க்கட்டியுடன் கூடிய சிரை உறைவுக்கு ஊசியும் மாத்திரையுமாகச் சேர்த்து 4 முதல் 6 வாரம் ஆன்டிபயாட்டிக் தருவது வழக்கம், வார்ஃபரின் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். உங்கள் மருந்துச் சீட்டில் மெட்ரோனிடசோலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது வார்ஃபரினின் வீரியத்தை மிகவும் கூட்டிவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் வாரங்களில் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். மெட்ரோனிடசோல் முடிந்த பிறகும் ஒரு முறை பாருங்கள், ஏனெனில் அப்போது ஐ.என்.ஆர். அளவு கீழே இறங்கும். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, பாதங்கள் மரத்துப் போனாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். பாதம் மரத்துப்போவது நீண்டகால மெட்ரோனிடசோலால் வரக்கூடியது. சிகிச்சை முடியும் தறுவாயில், ரத்தவோட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்து, சிரை திறந்துவிட்டதா என்று பார்த்த பிறகே வார்ஃபரினை நிறுத்துவது பற்றி உங்கள் டாக்டர் சொல்வார்.