அழித்து அழித்தே படம் முடியாமல் போவது பற்றி

தங்கச்சி, திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் நீர்வண்ணம் தீட்ட இருந்தால் பென்சில் கோட்டையே அழித்தழித்து வரைகிறேன், ஒரு படமும் முடிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அழிறப்பரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அழுத்தித் தேய்த்தால் கடதாசியின் மேற்பரப்பு பழுதாகும். அந்த இடம் வண்ணத்தைக் கூடுதலாக உறிஞ்சிக் கறுத்த திட்டாக நிற்கும். பிறகு அதையும் திருத்தத் தொடங்குவீர்கள்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த கடதாசியைத் தபாலட்டை அளவில் வெட்டுங்கள். மென்மையான 2பி பென்சிலால் அடிவானம், பாறை, வள்ளம் மட்டும், 5 நிமிடத்துக்குள். கோடு பிழைத்தால் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். இரண்டும் தெரியட்டும், அதுதான் படத்துக்கு உயிர்.

வானத்தைப் பெரிய தூரிகையால் ஒரே மூச்சில் பூசிவிட்டு, முழுதாகக் காயும்வரை தொடாதீர்கள். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகை பட்டால் தண்ணீர் நிறத்தைத் தள்ளி, கரடுமுரடான ஓரம் விழும். கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறினால் பூச்சு மிக வேகமாகக் காயும், ஆகவே விடியற்காலையே நல்லது.

பாதிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அபிப்பிராயம் கேட்பதையும் விடுங்கள். 20 படம் சேர்ந்ததும் தரையில் பரப்பி, கை தயங்காத மூன்றை நீங்களே பொறுக்குங்கள்.