‘ஜி’யா, ‘எஃப்’பா?

கேள்வி: கணக்கு, போட்டோ திருத்தம், கொஞ்சம் வீடியோ எடிட்டிங். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணமில்லை. எந்த பிராசஸர் வாங்கலாம்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி. 6 கோர் (உள்ளே கணக்கிடும் மூளைகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடுகள்). கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கடைக்காரர் ‘ஜி’ இல்லாத 5600-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிபவையும் அப்படித்தான்.

ரேமை ஒரே 16 ஜிபியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது; இரண்டு ரேமும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனலில் வேகம் நன்றாகவே கூடும். பழைய பி450 மதர்போர்டு என்றால் பயாஸை (கம்ப்யூட்டரைக் கிளப்பும் போர்டு மென்பொருள்) புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கிளம்பாமல் போகலாம்.

உங்கள் ஊர்க் குளிரை நம்பி, பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரை விட்டுவிடாதீர்கள்! மூடுபனி நுழையும் ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்கவும் வேண்டாம், போர்டில் ஈரம் படியும்.