கையில் இருப்பது வலது நுரையீரலா, இடதா?

கேள்வி: உடற்கூறியல் செய்முறைத் தேர்வில் மடல்களை எண்ணித்தான் நுரையீரலின் பக்கத்தைச் சொல்கிறேன், பல முறை தவறாகிவிடுகிறது. வேரில், அதாவது குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில், உள்ள குழாய்களும் குழப்புகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வலதுக்கு மூன்று, இடதுக்கு இரண்டு என்று மடல்களை நம்ப வேண்டாம். வலது நுரையீரலின் மேல், நடு மடல்களைப் பிரிக்கும் கிடைப்பிளவு பலருக்கு அரைகுறையாகத்தான் இருக்கும். சிலருக்கு இருக்கவே இருக்காது. நுனி மேலே, குழிந்த அடிப்பகுதி கீழே, மெல்லிய விளிம்பு முன்னால், தடித்த விளிம்பு பின்னால் என்று உங்கள் உடலில் இருப்பதுபோலவே பிடியுங்கள். வேர் உங்கள் இடப்பக்கம் பார்த்தால் அது வலது நுரையீரல்.

அடுத்து, கண்ணைவிட விரலை நம்புங்கள். வெட்டுமுகத்தில் ஒவ்வொரு குழாயையும் லேசாக அழுத்துங்கள். குருத்தெலும்பு இருப்பதால் அமுங்காமல் நிற்பது மூச்சுக்கிளைக்குழாய்; அது பின்பக்கம் இருக்கும். முன்னாலும் அடியிலும் மெல்லிய சுவருடன் துவண்டு கிடப்பவை சிரைகள். இடையில் இருப்பது தமனி. புத்தகத்தில் ஒரு தமனி, இரண்டு சிரை என்றிருக்க, கையில் ஐந்தாறு துளைகள் தெரிந்தால் பதற வேண்டாம்: நுரையீரலை ஒட்டி வெட்டியதால் குழாய்கள் அதற்குள் கிளைத்துவிட்டன. இடையே கருப்பாகத் தெரியும் கட்டிகள், கரித்தூள் படிந்த நிணநீர்க் கணுக்கள். மாதிரிகளில் தமனிக்கு நீலம், சிரைக்குச் சிவப்பு பூசியிருப்பார்கள். நுரையீரலில் தமனிதான் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுவருகிறது. நிறத்தை வைத்துப் பெயர் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

முன்பின் வரிசை இரு பக்கமும் ஒன்றே. மேல்கீழ் வரிசைதான் மாறும். வலப்பக்கம் உச்சியில் மேல்மடலுக்குப் போகும் மூச்சுக்கிளைக்குழாய், அதன் கீழே தமனி. இடப்பக்கம் தமனி மூச்சுக்கிளைக்குழாயின் மேல் வளைந்து ஏறுவதால் அதுவே உச்சி. எக்ஸ்ரேயில் இடது ஹைலம் (வேர் நுழையும் வாயில்) சுமார் 1 செ.மீ. உயர்ந்து தெரிவது இதனால்தான், அது நோயல்ல. வலது உயர்ந்திருந்தால், வலது மேல்மடலோ இடது கீழ்மடலோ சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேருக்கு அடியில் ப்ளூரா (நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறை) தொளதொளவென்ற சட்டைக்கைபோல் தொங்கும். மூச்சிழுக்கையில் வேர் இறங்கவும் நுரையீரலின் கீழ்ச்சிரை விரியவும் இடம் தருவது அதுதான்.

சுற்றுப்புறத்தில், உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு வேருக்கு முன்னால் இறங்கும், வேகஸ் நரம்பு பின்னால். வலது வேரின் மேல், மார்புச் சுவரின் ரத்தத்தைக் கொண்டுபோகும் அசைகஸ் சிரை வளையும், இடது வேரின் மேல் பெருந்தமனி. பதப்படுத்திய நுரையீரலில் பெருந்தமனியின் அகன்ற பள்ளம் பதிந்திருக்கும். அதைத் தடவியே இடப்பக்கம் என்று சொல்லிவிடலாம். பெருந்தமனியின் அந்த வளைவின் அடியில்தான் குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு திரும்பி ஏறுகிறது. அங்கே நிணநீர்க் கணு வீங்கியோ புற்று பரவியோ அந்த நரம்பை அழுத்தினால், தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாமலே குரல் கம்மும்.