ராணி போனது பிரெஞ்சு டிஃபென்ஸால் அல்ல

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பாளையங்கோட்டையில் நடந்த செஸ் போட்டியில் கறுப்புக் காய்களோடு பிரெஞ்சு டிஃபென்ஸ் (வெள்ளையின் இ4-க்கு இ6 என்று பதில் கொடுக்கும் தொடக்கம்) ஆடி, 9ஆவது நகர்த்தலிலேயே ராணியைப் பறிகொடுத்துவிட்டாள். சி8 கட்டத்து பிஷப்பும் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைந்தே கிடக்கிறது. இதை விட்டுவிடச் சொல்லவா?
- ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

விடச் சொல்லாதீங்க அண்ணாச்சி. நீங்கள் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டை (நகர்த்தல்களை எழுதிய தாளை)ப் பலகையில் ஆடிப் பார்த்தேன். ஒரே ஒரு நகர்த்தல்தான் முன்பின்னாகிவிட்டது. 1834-ல் பாரிஸ் ஆட்டக்காரர்கள் லண்டனுக்கு எதிராகக் கடிதத்திலேயே ஆடிப் பெயர் வாங்கிக் கொடுத்த டிஃபென்ஸ் இது. இன்றும் உறுதியாக நிற்கிறது.

ஆட்டம் இப்படிப் போனது (ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் அது சிப்பாய்): 1.இ4 இ6 2.டி4 டி5 3.இ5 சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6. இதுவரை பிள்ளை ஆடியதில் குறையே இல்லை. வெள்ளையின் இ5 சிப்பாய்க்கு டி4தான் தாங்கல். அதை நெருக்குவதே கறுப்பின் வேலை. 6.பிஷப் டி3 வந்ததும் டி4-ல் வெட்டினாள், வெள்ளை சி3 சிப்பாயால் திரும்ப வெட்டியது.

இப்போது டி4 சும்மா கிடப்பதுபோல் தெரியும். நம் ராணியும் குதிரையும் அதை அடிக்கின்றன, காவலுக்கு ஒரு குதிரைதான். உடனே குதிரையால் வெட்டினாள். குதிரைக்குக் குதிரை போனது. நம் ராணி டி4-ல் வந்து உட்கார்ந்தது. 9.பிஷப் பி5, செக்! மறைத்து நின்ற பிஷப் விலகியதும் டி1-ல் இருக்கும் வெள்ளை ராணிக்கு வழி திறந்துவிட்டது. செக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ராணி போயே போச்சு.

7ஆவது நகர்த்தலில் பிஷப் டி7 ஆடியிருந்தால் போதும். நீங்கள் குறைப்பட்ட அதே பிஷப்தான். ஒரு கட்டம் நகர்ந்து ராஜாவுக்கு முன் மறிப்பாக நின்றால், பி5-லிருந்து செக்கே கிடையாது. டி4 மேல் உள்ள மிரட்டல் நிஜமாகிவிடும். அப்போதும் வெள்ளை ஆடும் சிலர் டி4-ஐ விட்டுக்கொடுத்து கேஸ்ட்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவது) செய்வார்கள். தாராளமாக எடுக்கலாம். குதிரைகள் வெட்டுப்பட்டு, 10.குதிரை சி3 வந்தால் ஏ6 ஆடி, அந்தக் குதிரை பி5-க்கு வராமல் தடுக்கட்டும். இ5 சிப்பாய்க்கும் சேர்த்து ஆசைப்பட வேண்டாம். யானை இ1-க்கு வரும், நம் ராஜாவோ இன்னும் நடுவில்.

வீட்டில் அவளை வெள்ளைப் பக்கம் உட்காரவைத்து, அந்த பி5 செக்கை அவள் கையாலேயே பத்து முறை கொடுக்கச் சொல்லுங்கள். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். அதனால் குதிரைமேல் கை போகும் முன் கண் பி5-க்குப் போக வேண்டும்.